தேத்தண்ணித் தட்டத்தில் மயில்துத்தம்

ஒரு பாடத்தை மூன்று மாதம் படித்தவரைப் போல ஆபத்தான பிறவி வேறு கிடையாது. முப்பது வருடம் படித்தவரிடம் ஒன்று கேட்டால், "பார்த்துத்தான் சொல்லவேணும்" என்பார். ஒன்றுமே படிக்காதவர் பேசாமல் இருந்துவிடுவார். மூன்று மாதக்காரர்தான் கேட்காமலே பதில் சொல்வார், சொல்லிவிட்டு மற்றவர்களுக்குப் புள்ளியும் போடுவார். உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படிக்கத் தொடங்கி மூன்று மாதமே ஆன நான், என் அக்காவின் கலியாணத்தைக் கிட்டத்தட்ட இல்லாமல் செய்தது இப்படித்தான்.

அந்த மூன்று மாதத்தில் சேர்வைகளுக்குப் பெயரிடும் பாடம் முடிந்திருந்தது. அதோடு எங்கள் வீட்டில் உப்பு என்ற பொருளே இல்லாமல் போயிற்று. "அம்மா, சொதிக்குச் சோடியம் குளோரைட்டுக் காணாது" என்பேன். அக்கா கேக்குக்குப் போடும் அப்பச்சோடா, சோடியம் ஐதரசன் காபனேற்று ஆகிவிட்டது. சைக்கிள் துருவைப் பார்த்தால் இரும்பு, அடைப்புக்குறி, மூன்று, ஒட்சைட்டு. (அடைப்புக்குறியை வாயால் எப்படிச் சொல்வது என்று கேட்பவர்கள் அந்த நாளைய என்னைக் கண்டதில்லை. இரட்டைப் பின்னல் ஆட, இரண்டு கையையும் வளைத்துக் காட்டுவேன்.) அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள், "உன்ர வாய்க்கு என்ன பேர் பிள்ளை? அதையும் சொல்லிப்போட்டுப் போ" என்றார்.

அப்பா மட்டும் ரசித்தார். அப்பா துறைமுகத்துப் பண்டசாலை ஒன்றில் ஸ்டோர் கீப்பர். அரிசி மூட்டை வந்தால் வெளியில் எழுதியிருப்பதை அவர் வாசிக்கவே மாட்டார். குத்தூசியை எடுப்பார். நுனி கூராக, உள்ளே குடைவாக இருக்கும் சின்ன இரும்புக் குழாய் அது. மூட்டையில் குத்தி இழுத்தால் உள்ளே இருப்பதில் கொஞ்சம் வெளியே வரும். அதைக் கையில் கொட்டி, மணந்து, கடித்துப் பார்த்து, பிறகு மூட்டையை நிறுத்து, அதற்குப் பிறகுதான் கையெழுத்து. இத்தனை வருடம் இதைச் செய்தவருக்கு மனிதர்களும் மூட்டைகளாகத் தெரியத் தொடங்கியதில் ஆச்சரியமில்லை. வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் அப்பாவின் கண் எங்கே குத்தலாம் என்று தேடும்.

அக்காவுக்கு முதலில் வந்த சம்பந்தம் அவரை இன்னும் கெடுத்துவிட்டது. மாப்பிள்ளைக்கு லண்டனில் வேலை என்றார்கள். விசாரித்தால் லண்டனில் இருந்தது மாப்பிள்ளையின் அண்ணன். மாப்பிள்ளை அண்ணனை வழியனுப்ப விமான நிலையம்வரை போனவர், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கள் திருகோணமலை லிங்கநகர் வீட்டில் தபால்காரர் சிரித்தால்கூட அப்பா காரணம் தேடுவார்.

இப்படியிருக்கும்போதுதான் கந்தளாயிலிருந்து பிரதீபனின் சம்பந்தம் வந்தது. குடிதண்ணீரைப் பரிசோதிக்கும் ஓர் ஆய்வுகூடத்தில் கெமிஸ்ட் என்றார்கள். அப்பா விசாரிக்கப் புறப்பட்டார். தென்னங்கன்று வாங்கப் போகிறவர்போலக் கந்தளாய்க்குப் பஸ் ஏறி, தேத்தண்ணிக்கடை, சலூன், பக்கத்து வீடு என்று ஒன்றும் விடாமல் கதை கேட்டார். எல்லோரும் நல்ல பொடியன் என்றார்கள். இரண்டு தென்னங்கன்றுகளையும் முன்னைவிடப் பெரிய சந்தேகத்தையும் சுமந்துகொண்டு திரும்பி வந்தார்.

"ஒருத்தரும் ஒரு குறையும் சொல்லேல்லை" என்றார் அம்மாவிடம். "எங்கயோ பெரிய பிழை இருக்கு."

"நல்லவராயும் இருக்கலாமெல்லோ அப்பா" என்றாள் அக்கா.

வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். மாப்பிள்ளை பற்றிய பேச்சில் அக்கா வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. அவள் வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். பிறந்தநாள், கலியாணம், கடையில் தேத்தண்ணிக்கு வைக்கும் துண்டு எல்லாமே அவளிடமிருந்துதான் போகும். எந்தச் சம்பந்தம் வந்தாலும், "மாவு குழைக்க வேணும்" என்று எழும்பிப் போய்விடுவாள். இந்தத் தடவை போகவில்லை. இரண்டு வாரமாக அவளுடைய போனில் வட்சப் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் முகம் வேறு மாதிரி ஆவதை நான் கவனித்திருந்தேன். அதையும் சந்தேகத்தோடுதான் கவனித்தேன்.

பொம்பிளை பார்க்க வருகிற நாளுக்கு முதல்நாள் அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். "எனக்குத் தெரிஞ்சது அரிசியும் சீமெந்தும். கெமிஸ்ட்டுக்கு எங்க குத்திறதெண்டு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். நீதான் கேக்கவேணும்."

நான் குத்தூசியாக நியமனம் பெற்ற கதை இதுதான். எனக்குப் பெருமையில் மூச்சு முட்டியது.

"வாயால கேட்டா வாயால சமாளிச்சுப்போடுவான்" என்று அப்பா மேலும் சொன்னார். "பொருளைக் காட்டிக் கேள்."

பொருள் வீட்டிலேயே இருந்தது. எலுமிச்சை மரத்து நோய்க்கு அடிக்க அப்பா ஒரு ரின்னில் மயில்துத்தம் வைத்திருந்தார். மயில் கழுத்து நிறத்தில், கண்ணாடிபோலப் பளபளக்கும் கட்டிகள். செப்பு, அடைப்புக்குறி, இரண்டு, சல்பேற்று! பெயரைக் கேட்பது, பிறகு மூலர் திணிவைக் கேட்பது என்று திட்டமிட்டேன். ஒரு மூல் அளவு பொருள் எத்தனை கிராம் நிறுக்கும் என்ற கணக்குத்தான் மூலர் திணிவு. உயர்தர வகுப்பில் முதல் படிக்கிற கணக்கு. செப்பு அறுபத்து மூன்றரை, கந்தகம் முப்பத்திரண்டு, ஒட்சிசன் நான்கும் அறுபத்து நான்கு. கூட்டினால் நூற்று ஐம்பத்தொன்பதரை. மூன்று தடவை கூட்டினேன், மூன்று தடவையும் அதுவே வந்தது.

அடுத்த நாள் பின்னேரம் பிரதீபன், அவருடைய அம்மா, தாய்மாமன் மூவரும் வந்து விறாந்தைக் கதிரைகளில் இருந்தார்கள். அக்கா உள்ளே சேலையோடு இருந்தாள். அம்மா தேத்தண்ணித் தட்டத்தை என்னிடம் தந்தார். எனக்கு இருப்பது இரண்டு கை. இரண்டாலும் தட்டத்தைப் பிடித்தால் மயில்துத்தத்தை எதால் கொண்டுபோவது? ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் கட்டிகளைப் போட்டு, தட்டத்திலேயே, வடைக்கும் கேக்குக்கும் நடுவே வைத்துக்கொண்டு போனேன். (அந்த நேரம் அது எனக்குப் பெரிய கெட்டித்தனமாகத் தெரிந்தது.)

முதலில் மெதுவாகத் தொடங்கினேன். மாப்பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது என்பதே சிக்கல். அத்தான் என்றால் சம்மதம் சொன்னது போலாகிவிடும். அண்ணா என்றால் சம்பந்தமே குழம்பிவிடும். "சேர்" என்றேன். "எனக்கு ஸ்கூல் பாடத்தில சின்ன ஒரு விளக்கம் வேணும் சேர். குடிக்கிற தண்ணிக்குப் போடுற குளோரின் சேர்வைக்கு என்ன பெயர்?"

"நாங்கள் பவுடர் எண்டுதான் சொல்லுறது" என்று சிரித்தார் அவர்.

பவுடர்! கல்சியம் ஐப்போகுளோரைற்று என்று ஒரு அழகான பெயர் இருக்க, முகத்துக்குப் பூசுகிறதுபோலப் பவுடராம். அப்பாவைப் பார்த்தேன். அப்பா இலேசாகத் தலையை அசைத்தார். அடுத்து இரும்புத் துருவின் பெயரைக் கேட்டேன். "பெரிக் ஒக்சைட்" என்றார். அது பழைய பெயர். சோதினையில் எழுதினால் புள்ளி கிடைக்காது. ஆள் கள்ளன் என்பது ஏறக்குறைய உறுதி.

நான் இந்த விசாரணையில் மூழ்கியிருந்தபோது தாய்மாமன் தன்பாட்டில் வடைகளை முடித்துவிட்டு, கண்ணாடிக் கிண்ணத்தை நோட்டமிட்டார். நீலக் கற்கண்டு என்று நினைத்திருக்க வேண்டும். பெரிய கட்டியாகப் பார்த்து எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார்.

"ஐயோ மாமா, அது நஞ்சு!" என்று கத்தினேன்.

கட்டி கையிலிருந்து விழுந்து சீமெந்துத் தரையில் உருண்டது. அம்மா அவரைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வைத்தார். வாயில் படவில்லை என்று மூன்று பேர் உறுதிப்படுத்தினார்கள். பிறகு மாப்பிள்ளையின் அம்மா தன் தேத்தண்ணியை மணந்து பார்த்தார். கோப்பையை நிலத்தில் வைத்து, காலால் கொஞ்சம் தள்ளியும் விட்டார். அதுவரை நாங்கள்தான் அவர்களைச் சந்தேகப்பட்டோம். இப்போது சந்தேகம் இரண்டு பக்கமும் சரிசமமாக ஓடத் தொடங்கியது.

"பொம்பிளை வீட்டில நஞ்சை ஏன் தேத்தண்ணியோட கொண்டு வாறியள்?" என்று அவர் கேட்டார். கேள்வி நியாயமானது.

பதில் சொல்ல வேண்டிய அப்பா, "அதை விடுங்கோ, தம்பி அது என்னெண்டு சொல்லட்டும்" என்றார்.

பிரதீபன் கிண்ணத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். "கொப்பர் சல்பேற் பென்ராஹைட்ரேற்."

முதல் இரண்டு சொல்லும் சரி. அந்தப் 'பென்ரா' எங்கிருந்து வந்தது? என் பாடத்தில் அப்படி ஒரு வால் இல்லை. தெரியாதவர்கள்தான் சும்மா இருக்கிற பெயருக்கு வால் வைத்து மிரட்டுவார்கள் என்று எனக்குப் பட்டது. முதல் வந்த அந்த 'லண்டன்' மாப்பிள்ளையும் தன் பெயருக்குப் பின்னால் நாலு எழுத்துப் போட்டிருந்தவர்தான்.

"மூலர் திணிவு?" என்றேன். இந்தமுறை 'சேர்' இல்லை.

"இருநூற்று நாற்பத்தொன்பதரை."

"பிழை!" துள்ளி எழும்பினேன். "நூற்று ஐம்பத்தொன்பதரை! அப்பா, தொண்ணூறு கூடச் சொல்லுறார்! இவர் கெமிஸ்ட்டே இல்லை!"

அப்பாவின் முகம் கறுத்தது. பண்டசாலையில் பாரம் குறைந்தால் அப்பா கோபிப்பார், ஆனால் பயப்படமாட்டார். குறைந்தால் யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், ஆளைப் பிடித்துவிடலாம். பாரம் கூடினால்தான் அவருக்குத் தூக்கம் போகும். யாரும் சும்மா கொண்டுவந்து வைக்கமாட்டார்கள் அல்லவா? "தம்பி" என்றார் மிகத் தணிந்த குரலில், "அந்தத் தொண்ணூறு எங்கயிருந்து வந்தது?"

மாப்பிள்ளையின் அம்மா எழும்பிவிட்டார். "நாங்கள் பொம்பிளை பார்க்க வந்தனாங்கள், சோதினை எழுத வரேல்லை. நஞ்சும் தந்தாச்சு, கள்ளனெண்டும் சொல்லியாச்சு. எழும்பு தம்பி, போவம்."

"அம்மா, பொறுங்கோ" என்றார் பிரதீபன். பிறகு அப்பாவிடம், "அந்தத் தொண்ணூறும் தண்ணி. இந்தக் கட்டிக்குள்ள தண்ணி இருக்கு. ஒண்டுக்கு அஞ்சு, அதுதான் பென்ரா. அதையும் சேர்த்துத்தான் நிறை வரும்" என்றார். போனை எடுத்து எதையோ காட்டப் போனார். அப்பா கையால் மறித்தார்.

"போனில எல்லாம் வரும். போனை நம்பேலாது."

எனக்கோ எங்கள் ரியூசன் சேர் ஒருநாள், "சில பளிங்குகளுக்குள்ளே தண்ணீர் இருக்கும், கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும்" என்று தொடங்கியது ஞாபகம் வந்தது. காய்ந்த கட்டிக்குள் தண்ணீரா என்று அன்றைக்கு அவரையும் சந்தேகப்பட்டேன். நேரம் போக்குவதற்குப் பாடத்திட்டத்துக்கு வெளியே போகிறார் என்று முடிவெடுத்து, கொப்பியை மூடிவைத்துவிட்டுப் பக்கத்திலிருந்தவளின் புதுச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "கட்டி காய்ஞ்சு போய்க் கிடக்கு, இதுக்குள்ள தண்ணியாம்!" என்று உரத்துச் சிரித்தேன். சிரிப்பு பாதியில் உடைந்தது.

அப்போது அக்கா வெளியே வந்தாள்.

பொம்பிளை பார்க்கும்போது கூப்பிடாமல் பொம்பிளை வருவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அக்கா வந்தாள். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, கையில் கேக்குக்கு மா நிறுக்கும் மின்தராசு. அதை அப்பாவுக்கு முன்னால் ஸ்ரூலில் வைத்தாள்.

"என்ர கேக்கும் போறணை அடுப்புக்குள்ள போகேக்க ஒரு நிறை, வெளியில வரேக்க ஒரு நிறை அப்பா. தண்ணி போறதாலதான். இதுக்குள்ளயும் தண்ணி இருந்தா சூடாக்கினா நிறை குறையும். நிறுத்துப் பாருங்கோ. குறையாட்டி அவையள் போகட்டும்."

நிறுத்துப் பார் என்ற சொல்லுக்கு அப்பாவால் இல்லையென்று சொல்ல ஏலாது. அம்மா மட்டும் நஞ்சைத் தன் குசினிக்குள் விடமாட்டேன் என்று வாசலை மறித்து நின்றார். ஆகவே மண்ணெண்ணெய் அடுப்பு கொல்லைக்குப் போனது, அதன் பின்னால் கதிரைகளும் போயின. கோழிகளைத் துரத்திவிட்டு எல்லோரும் புகை படாமல் காற்று வருகிற பக்கமாக இருந்தோம். எலுமிச்சை மரத்தடியில் இப்படி ஒரு பொம்பிளை பார்ப்பு திருகோணமலையில் அதற்கு முன் நடந்திருக்காது.

பழைய மண்சட்டி ஒன்றில் பொடித்த மயில்துத்தம் ஐம்பது கிராம். அடுப்பில் வைக்கும் முதல் பிரதீபன் மண்ணில் ஒரு குச்சியால் ஏதோ எழுதிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முப்பத்திரண்டு வரும்."

அப்பா நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

சட்டி சூடாக, நீலம் ஓரத்திலிருந்து வெளிறத் தொடங்கியது. பிரதீபன் தடியால் கிளறிக்கொண்டேயிருந்தார். கொஞ்ச நேரத்தில் மயிலும் இல்லை, கழுத்தும் இல்லை, கோதுமை மா போல வெள்ளைத் தூள். "எரிஞ்சு சாம்பலாப் போச்சு!" என்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறவைத்து நிறுத்தார்கள். தராசு முப்பத்துமூன்று என்றது.

"பாத்தியளே! பிழை!" என்று நான் மீண்டும் துள்ளினேன்.

"இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கு" என்று அவர் திரும்பவும் அடுப்பில் வைத்தார். மாப்பிள்ளையின் அம்மா போவதை மறந்து அக்காவுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து நின்றார். தாய்மாமன் மட்டும் தூரத்தில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டாம் தடவை நிறுத்தபோது முப்பத்திரண்டு.

எனக்கு எலுமிச்சை மரத்துக்குப் பின்னால் போய் ஒளிய வேண்டும்போல இருந்தது. ஆனால் மூன்று மாதக்காரி இலேசில் விடுவாளா? "நிறம் போச்சே! தண்ணி எண்டால் நிறம் ஏன் போகவேணும்? வேற ஏதோ கலந்திட்டார்" என்றேன். தோற்கிறவர் கடைசியாகச் சொல்லும் கதை அது, எனக்கே தெரிந்தது.

பிரதீபன் என்னிடம் வாதாடவில்லை. அக்காவைப் பார்த்து, அன்றைக்கு முதல் தடவையாக அவளோடு பேசினார். "நீங்கள் கொஞ்சம் தண்ணி விடுங்கோ."

அக்கா செம்பிலிருந்து சில துளி விட்டாள். 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். வெள்ளைத் தூளில் தண்ணீர் பட்ட இடமெல்லாம் அதே மயில் கழுத்து நீலம் திரும்ப வந்தது. அக்கா சின்னப்பிள்ளைபோலச் சத்தமாகச் சிரித்தாள். அவளை அப்படி நான் கண்டு வருடக்கணக்காகியிருந்தது. வெட்கத்தில் என் காது எரிந்தது, ஆனால் அவள் சிரித்தது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. அதை மறைக்கக் கோழியைத் துரத்தினேன்.

அப்பா தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாப்பிள்ளையின் அம்மாவிடம் சொன்னார்: "இவ்வளவு காலத்தில எத்தினையோ பேர் எனக்கு நிறை சொல்லியிருக்கினம். தராசில வைக்க முதல் சொல்லி, வைச்சாப் பிறகும் அதே நிறை நிண்டது இண்டைக்குத்தான். எனக்குச் சம்மதம். சின்ன மகளின்ர கதையை மனசில வைச்சிருக்காதேங்கோ."

அந்த அம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "எங்களுக்கும் சம்மதம்தான்" என்றார். "ஆனா எனக்கு வேற தேத்தண்ணி வேணும். நான் குசினியில பக்கத்தில நிண்டு பார்ப்பன்." சொன்னபடியே கேத்தலிலிருந்து கோப்பைவரை கண் எடுக்காமல் நின்று பார்த்தார்.

கலியாணம் நடந்தது. பிரதீபன் அத்தான் ஆனார். கேக் தராசு நஞ்சு பட்டதென்று அம்மா அதைத் தூக்கியெறிந்ததால், அத்தான் அக்காவுக்கு வாங்கிக் கொடுத்த முதல் பொருள் ஒரு தராசு. தாய்மாமன் இன்றும் எங்கள் வீட்டுக்கு வந்தால் கற்கண்டு தொடமாட்டார். நான் எதை நிச்சயமாகச் சொன்னாலும், மழை வரும் என்றாலும் மீன் பழசு என்றாலும், "தண்ணி சேர்த்தோ, சேர்க்காமலோ?" என்று வீடு முழுக்கக் கேட்கும். அக்காவின் மகள் பேசப் பழகியதும் இதையும் பழகிவிட்டாள்.

பிறகு என்னைப் பார்க்க மாப்பிள்ளை வந்தபோது, விசாரிக்கும் பொறுப்பை அப்பா அத்தானிடம் கொடுத்தார். அத்தான் போய்ப் பேசிவிட்டு வந்து எல்லோர் முன்னாலும் அறிக்கை சொன்னார். "பொடியன் சரி மாமா. ஒரு குறையும் இல்லை. ஆனா எங்கட பக்கத்திலதான் மோசடி. இவவின்ர நிறையைத் தண்ணி சேர்க்காமல் சொல்லியிருக்கிறியள். முழு நிறையும் தெரியாமல் அவர் கையெழுத்து வைக்கக் கூடாது." பிறகு மாப்பிள்ளையை இருத்தி, இந்தக் கதை முழுவதையும், நான் கையால் காட்டும் அடைப்புக்குறி உட்பட, நடித்துக் காட்டினார்.

மாப்பிள்ளை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்ப அவ கெமிஸ்ட்ரி சோதினையில என்ன எடுத்தவ?"

"அதைக் கலியாணத்துக்குப் பிறகு கேளுங்கோ" என்றார் அத்தான்.

கலியாணமாகிய நாளிலிருந்து என் கணவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். நான் சொல்லவில்லை. என் பெறுபேற்றுத் தாளை அம்மா ஒளித்து வைத்திருக்கிறார் என்று அவருக்கு ஒரு சந்தேகம். போன கிழமை எங்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அம்மாவின் அலுமாரிப் பக்கம் அவர் சும்மா உலாவிக்கொண்டிருந்ததைக் கண்டேன். இப்போதுதான் அவர் எங்கள் வீட்டு மருமகன் ஆகியிருக்கிறார்.